க்யூசிடி கணிப்பை ஜெட் தரவோடு ஒப்பிடப் போகிறீர்களா? பிழைக் கோப்பை முதலில் கேட்டு வாங்குங்கள்

எல்எச்சி புரோட்டான் மோதியில் 13 டிஇவி ஆற்றலில் எடுத்த ஜெட் (ஒரே திசையில் பாயும் துகள் கொத்து) அளவீடு ஒன்றை, க்யூசிடி எனும் வலுவிசைக் கோட்பாட்டின் என்என்எல்ஓ (அடிப்படைக் கணக்குக்கு மேல் இரண்டு படித் திருத்தம் சேர்ந்த) கணிப்போடு ஒப்பிடும் வேலை ஒருவழியாக முடிந்தது. கோட்பாட்டுப் பக்கம் தொல்லையே இல்லை. கணிப்பைச் சட்டென்று திரும்பப் போட உதவும் இடைக்கணிப்பு அட்டவணைகள் தயாராக இருந்தன, பிடிஎஃப்பை (புரோட்டானுக்குள் குவார்க், குளுவான்களின் பரவல்) மாற்றி மாற்றி ஓட்டி, கணக்குக்காக நாமே தேர்ந்தெடுக்கும் இரண்டு ஆற்றல் ஸ்கேலையும் பாதியாக்கி, இரட்டிப்பாக்கி வழக்கமான 7 புள்ளிகளை எடுத்தாயிற்று. உயிரை வாங்கியது தரவுப் பக்கம்தான்.

வெளியான அட்டவணையில் ஒவ்வொரு பின்னுக்கும் (தரவைப் பிரித்த இடைவெளிக்கும்) மொத்தப் பிழை என்று ஒரே எண். ஜெட் ஆற்றல் அளவீட்டால் வந்தது எவ்வளவு, லூமினாசிட்டியால் (எவ்வளவு மோதல் நடந்தது என்ற அளவால்) வந்தது எவ்வளவு, எது எல்லா பின்களையும் சேர்த்து நகர்த்துகிறது, எதுவும் இல்லை. அளவீட்டை வெளியிட்ட குழுவுக்கு எழுதிக் கேட்டால், காக்கவைத்துவிட்டு வந்த பதில்: "மொத்தப் பிழையையே போடுங்கள், போதும்." எப்படிப் போதும்? குறுக்கு உந்தம் (மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) ஏற ஏற ஜெட்டுகளின் எண்ணிக்கை சரசரவென்று விழுகிறது, அதனால் ஆற்றலை 1 சதவீதம் கூட்டி அளந்தாலே குறுக்குவெட்டு (ஜெட் உருவாகும் வாய்ப்பின் அளவு) 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏறிவிடும், அதுவும் எல்லா பின்களிலும் ஒரே பக்கமாக. அதைப் பின்னுக்குப் பின் தனித்தனி என்று வைத்தால் கை-ஸ்கொயர் (பொருந்தாமையின் அளவு) செயற்கையாகக் குறைந்து, கோட்பாடு அச்சாகப் பொருந்துவது போலத் தெரியும். அதை நம்பவே கூடாது.

அப்புறம் அதே குழுவில் வேறொருவர், ஒவ்வொரு பிழை மூலத்தையும் பிளஸ் மைனஸ் குறியோடு பிரித்துவைத்த கோப்பை அனுப்பினார். அப்பாடா! அதைப் போட்டதும் ஒவ்வொரு ரேபிடிட்டிப் பகுதியும் (ரேபிடிட்டி என்பது கற்றையிலிருந்து ஜெட் விலகும் கோணத்தைக் காட்டும் அளவு) தனியாகப் பார்த்தால் சரி, எல்லாவற்றையும் சேர்த்தால் கை-ஸ்கொயர் எகிறியது. 2017இல் எல்எச்சியின் அட்லஸ் குழு தன் 8 டிஇவி ஜெட் முடிவுகளிலும் இதே இழுபறியைச் சொல்லியிருந்தது, அதனால் பதறவில்லை.

நீங்கள் இறங்கினால் ஜெட் ஆரத்தை, அதாவது எவ்வளவு அகலத்துக்குள் உள்ள துகள்களை ஒரே ஜெட்டாகச் சேர்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கணிப்பு பார்ட்டான் (குவார்க், குளுவான்) மட்டத்தில் நிற்கிறது. ஹாட்ரானாதலும் (குவார்க், குளுவான்கள் நாம் அளக்கும் துகள்களாக மாறுவது) அதே புரோட்டான் மோதலின் மிச்சத்திலிருந்து வரும் பின்னணித் துகள்களும் எதிரெதிராக இழுக்கும், 0.4 ஆரத்தில் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டும், 0.7இல் குறைந்த உந்தத்தில் பின்னணிதான் ஓங்கும். ஓர் ஆரத்தின் திருத்தக் காரணியை இன்னோர் ஆரத்துக்குப் போட்டால் அவ்வளவுதான். குறுக்குவெட்டை ரேபிடிட்டியின் தனிமதிப்பில் அளந்த பின் அகலத்தால் வகுத்திருக்கிறார்களா, பிளஸ் மைனஸ் இரு பக்கமும் சேர்ந்த அகலத்தாலா என்றும் பாருங்கள், இரண்டு மடங்கு வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். லூமினாசிட்டி போன்ற பெருக்கல் பிழைகளை (மதிப்பின் விகிதமாக வருபவை)த் தரவின் மதிப்பிலிருந்து கணக்கிட்டால் பொருத்தல் கீழே இழுக்கப்படும், கணிப்பிலிருந்து கணக்கிடுங்கள்.

ஆனால் எந்தப் பிழை பெருக்கல் வகை, எது கூட்டல் வகை என்று அந்தக் கோப்பில் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன், அது வந்தால்தான் ஆல்ஃபா-எஸ் (வலுவிசையின் வலிமையைக் காட்டும் எண்) பொருத்தலைத் தொடங்க முடியும்.