ஆல்டர்னேட்டர் பெல்ட் டென்ஷன்: கட்டைவிரலை நம்பியதும், பிறகு அளந்ததும்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து நொடி கீச்சென்று ஒரு சத்தம் வரும். ஹெட்லைட் போட்டால் இன்னொரு முறை வரும், அப்புறம் அடங்கிவிடும். ஸ்டார்ட் ஆனவுடன் பேட்டரிக்கு இழந்த சார்ஜைத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்னேட்டர் (எஞ்சின் பெல்ட் மூலம் சுற்றி மின்சாரம் தரும் கருவி) அதிகச் சுமை இழுக்கும். தளர்ந்த பெல்ட் அந்த நேரத்தில்தான் புல்லியில் வழுக்கும்.

அது தளர்வுதானா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப் பக்கத்தில் (புல்லியில் பதியும், நீள வரிகள் உள்ள உட்பக்கம்) கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினேன். சத்தம் உடனே கூடியது. அப்படிக் கூடினால் டென்ஷன், அதாவது பெல்ட்டின் இறுக்கம், போதவில்லை என்று அர்த்தம். ஒரு கணம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையா என்று பார்க்க வேண்டும்.

பெல்ட்டின் முதுகில் 4பிகே 855 என்று இருந்தது, அதாவது 4 வரிகள், 855 மி.மீ. நீளம். வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் பெரும்பாலும் வெடிக்காமலேயே தேய்ந்துவிடும். புது பெல்ட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது பள்ளங்கள் அகன்று போயிருந்தது தெரிந்தது. மாற்றிவிட்டேன்.

தவறு இங்கேதான் நடந்தது. கீச் சத்தம் திரும்ப வரவே கூடாது என்ற எண்ணத்தில், அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகி, கட்டைவிரலால் அமுக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. மூன்றாம் நாள், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ஊளை ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து வந்தது. தளர்ந்த பெல்ட் கத்தியாவது சொல்லிவிடும். இறுகிய பெல்ட்டோ ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளை ஓசையில்லாமல் தின்னும், ஊளை கேட்பதற்குள் பாதி சேதம் ஆகியிருக்கலாம். வயிற்றைக் கலக்கியது.

எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டர் புல்லியை விரலால் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியில் ஏதாவது நறநறப்பு தட்டுகிறதா என்று கவனித்தேன். வழவழவென்று சுற்றி, தானாக நின்றது. வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டமே இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த முறை அளந்து செய்தேன். என் வண்டியின் கையேட்டில், கிராங்க் புல்லிக்கும் (எஞ்சின் சுற்றும் புல்லி) ஆல்டர்னேட்டருக்கும் நடுவே 10 கிலோ விசைக்குப் புது பெல்ட் 6 முதல் 8 மி.மீ., ஓடிய பெல்ட் 8 முதல் 10 மி.மீ. அமுங்க வேண்டும் என்று இருக்கிறது. இது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைப் பெல்ட்டின் நட்ட நடுவில் மாட்டி 10 கிலோ வரும்வரை இழுத்தேன். இரண்டு புல்லிகளின் மேல் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, பெல்ட் எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேலில் பார்த்தேன். நான் இறுக்கியிருந்த நிலையில் 4 மி.மீ. கூட வரவில்லை.

தளர்த்தி 7-க்குக் கொண்டுவந்து, பிவட் போல்ட்டையும் (ஆல்டர்னேட்டர் திரும்பும் அச்சு) லாக் போல்ட்டையும் (அதை நகராமல் பிடிப்பது) இறுக்கி, மறுபடி அளந்தால் 9! போல்ட்டுகள் தொளதொளவென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டர் சற்றே சாய்ந்து நிற்கிறது, இறுக்கியதும் நிமிர்கிறது. அதனால் இரண்டு போல்ட்டுகளையும் முதலில் லேசாகப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கிவைத்து, அப்புறம் அட்ஜஸ்டரைத் திருகினேன். கடைசி இறுக்கலுக்குப் பிறகு எஞ்சினை அது சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அளந்தேன். அதே 7 மி.மீ., அளவு மாறவில்லை. எனக்கு இந்த வேலையிலேயே பயனுள்ள பாடம் இதுதான்: இறுக்கும் முன் எடுத்த அளவை நம்பக் கூடாது.

இன்னொரு வழியையும் சரிபார்க்கப் பயன்படுத்தினேன். எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டை வீணை நரம்பு போலச் சுண்டிவிட்டு, அலைவெண் காட்டும் செயலியோடு போனை அருகில் பிடித்தால் போதும். டென்ஷன் அலைவெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடும், ஆகவே அலைவெண் 20 சதவீதம் உயர்ந்தாலே டென்ஷன் 44 சதவீதம் ஏறியிருக்கும். எனக்கு 145 ஹெர்ட்ஸ் வந்தது. இந்த எண் இந்த நீளத்துக்கும் இந்த பெல்ட்டுக்கும் மட்டுமே பொருந்தும். அடுத்த முறை ஒப்பிட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

புது பெல்ட் ஐந்து நிமிடம் ஓடிவிட்டாலே கையேட்டின் கணக்கில் அது ஓடிய பெல்ட். வரிகள் புல்லியில் நன்றாக உட்கார்ந்து சற்றுத் தளரும். பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு அளந்தபோது 8.5 மி.மீ. இருந்தது, அது ஓடிய பெல்ட்டின் அளவுக்குள்தான். ஊளை இல்லை, கீச் இல்லை, ஹெட்லைட் எரியும்போதும் பேட்டரி முனையில் 14.1 வோல்ட். 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்றைக்குப் பார்த்தேன், 9.

அடுத்து ஏசி கம்ப்ரசர் பெல்ட். அதில் கம்ப்ரசர் நகராது, பெல்ட்டை இறுக்க மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியைத்தான் நகர்த்த வேண்டும். அதன் நடு நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறது, நேற்று ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருக்கிறேன்.