இருளர் குடியிருப்பில் ஒரு சாதிச் சான்று: தன்னார்வலராக உடன் நின்ற அனுபவம்

பத்தாம் வகுப்பில் தேறிய இருளர் மாணவி ஒருத்திக்குப் பழங்குடியினர் சாதிச் சான்று ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கிடைத்ததில் பெரும் நிம்மதி. அது கிடைப்பதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் கோபம் இன்னும் தணியவில்லை. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் சந்திக்கும் பகுதியில், ஏரிக்கரை ஓரக் குடியிருப்புகளில் மாலைநேரப் பள்ளி நடத்தும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதியில் கணிதம் சொல்லிக்கொடுக்கத்தான் சேர்ந்தேன். ஆனால் அங்குள்ள பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் பாடத்தில் நிற்பதில்லை, காகிதத்தில்தான் நின்றுபோகிறது என்பது சில மாதங்களிலேயே புரிந்துவிட்டது. இணையவழி விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்ற வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே எங்கே தடுக்கியதோ அதை மட்டும் எழுதுகிறேன்; இதே வேலையில் இறங்கும் மற்ற தன்னார்வலர்களுக்குப் பயன்படும்.

பட்டியல் சாதியினருக்கான சான்றை வட்டாட்சியரே தந்துவிடலாம். பழங்குடியினருக்கு அப்படியில்லை, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த கட்டுப்பாடு என்பதால் அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற தொல்குடிகள் என்று அடையாளம் காணப்பட்ட ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். தனிக் கவனம் வேண்டும் என்று அரசே வகுத்து வைத்திருக்கும் மக்களிடம், மூன்று தலைமுறைக் காகிதத்தைக் கொண்டுவா என்று முகப்பில் இருக்கும் எழுத்தர் கேட்கிறார். மாநிலத்தில் பழங்குடியினருக்கு உள்ள இடஒதுக்கீடு 1 விழுக்காடு. அந்த ஒரு விழுக்காட்டின் வாசலுக்குப் போவதற்கே இந்தச் சான்று வேண்டும். விடுதியில் இடம், கல்வி உதவித்தொகை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் தடை இ-சேவை மையத்திலேயே வந்தது. மாணவியின் ஆதாரில் இணைக்கப்பட்டிருந்த கைப்பேசி எண் அவள் குடும்பத்தினருடையதே அல்ல. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் குடும்பம் முன்பணத்துக்கு வேலை பார்த்த காலத்தில் அட்டை எடுத்ததால், அந்தச் சூளை மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய கைப்பேசிக்குப் போனது. அவர் முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்தவர், எண்ணைச் சொல்வதற்கு முன் பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த நிமிடத்தில் தாயின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்றைக்கே விண்ணப்பத்தை விட்டுவிட்டு ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வரிசையில் நின்றோம். மகளுக்கு எளிதில் முடிந்தது. தாய்க்கோ, மண்ணும் கல்லும் சுமந்து ரேகை தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்கவே இல்லை. கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்து, கடைசியில் கருவிழிப் பதிவால்தான் காரியம் நடந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவப் போகிறவர்கள், வேறு எந்தக் காகிதத்தையும் தொடுவதற்கு முன், ஆதாரில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பள்ளிப் பதிவேடு. எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். முதல் வகுப்பில் சேர்த்தபோது யாரோ ஓர் ஆசிரியர் சாதிக் கட்டத்தில் ‘வேட்டைக்காரர்’ என்று எழுதிவிட்டார். வட மாவட்டங்களில் இருளர்களை வில்லியர் என்றும் வேட்டைக்காரர் என்றும் ஊரார் அழைப்பது வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருப்பது இருளர் என்ற பெயர்தான். சாதிச் சான்று கொண்டுவந்தால் பதிவேட்டைத் திருத்துகிறேன் என்றது பள்ளி. பதிவேட்டைத் திருத்திக்கொண்டு வந்தால் சான்றுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார் வருவாய் அலுவலக எழுத்தர். இரண்டு பேரும் விதிப்படிதான் பேசினார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மேல்நிலைச் சேர்க்கைக்கான நாட்கள் கரைந்துகொண்டிருந்தன.

தாய்வழி உறவினர்களிடம் சான்று இருக்கிறதா என்று தேடியதும் வீணானது. மாணவியின் தாய் பிறந்த ஊர் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. அங்கே ‘வில்லி, வேட்டைக்காரன் உள்ளிட்ட இருளர்’ என்று பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2016-இல்தான். ஒரே குலம், ஒரே தெய்வம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் ஒன்று. நடுவில் ஓடும் எல்லைக்கோடு மட்டும் இவர்களைப் பல்லாண்டுகள் இரண்டு வகையினராக வைத்திருந்தது. பேருந்து ஏறிப் போய், மாமன் வீட்டில் இருந்த சான்றின் நகலை வாங்கிவந்து கொடுத்தோம். எழுத்தர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “வேற மாநிலத்துப் பேப்பர் இங்க எதுக்கு? அப்பா வழியில இருந்தா கொண்டா” என்றார். தாயிடம் ஒருமையிலும் என்னிடம் மரியாதையிலும் அவர் பேசியதை இங்கே குறிக்காமல் விட மனம் வரவில்லை. தந்தைவழி உறவு கேட்பதில் விதி இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால், ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே அந்த அலுவலர் முன்னிலையில் ஒரு தாளில் எழுதி, “இவ்வளவுதானா சார்? வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு வருவதை அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டோம்.

வழி திறந்தது மாணவியின் பெரியப்பாவால். பல ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு மரம் வெட்டும் இடத்தில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதன்படி மீட்கப்படுகிறவர்களுக்கு விடுவிப்புச் சான்று தருவார்கள். “ஏதோ ஒரு தாளு குடுத்தாங்கம்மா” என்று சொல்லி, கூரையின் கீற்றுக்கும் மூங்கிலுக்கும் இடையில் செருகியிருந்த ஒரு உரப்பையை உருவினார். உள்ளே பிளாஸ்டிக் உறை. அதற்குள் குடும்ப அட்டையின் பழைய பிரதி, ஓர் இறந்த குழந்தையின் தடுப்பூசி அட்டை, நான்காக மடித்த அந்தச் சான்று. மடிப்புகளில் மழைநீர் இறங்கி எழுத்து மங்கியிருந்தாலும், இனம் என்ற இடத்தில் ‘இருளர்’ என்பதும் கீழே கோட்டாட்சியரின் கையொப்பமும் முத்திரையும் தெளிவாக இருந்தன. எந்தப் பதவியில் இருப்பவர் சாதிச் சான்று தர வேண்டுமோ, அதே பதவியில் முன்பு இருந்தவரே ஒப்பமிட்ட காகிதம் இத்தனை காலமும் கூரையில் இருந்திருக்கிறது. அது என்ன என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அந்தச் சான்றையும், தந்தையும் பெரியப்பாவும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய உறவுமுறைச் சான்றையும் இணைத்து விண்ணப்பித்தோம். அலுவலர் நல்ல மனிதர், கேட்டதும் எழுதிக்கொடுத்தார். ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘ஆவணம் தெளிவில்லை’ என்ற இரண்டு சொல் குறிப்பைத் தவிர, எந்த ஆவணம் என்றுகூட இல்லை. மையத்தில் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நகலை மங்கலாக்கிப் பதிவேற்றியிருக்கிறார்கள். பழைய காகிதங்களை நல்ல வெளிச்சத்தில் நாமே வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து, பதிவேற்றும் முன் திரையில் பெரிதாக்கிப் படித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

விசாரணைக்கு வரச்சொன்ன நாளில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. சூளைப் பருவம் உச்சத்தில் இருந்த நேரம். தந்தை மேஸ்திரியிடம் கெஞ்சி, இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தார். மாலை வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி வேறு ஆய்வுக்குப் போய்விட்டார் என்பதைக் காலையிலேயே தெரிந்து வைத்திருந்தவர்கள், அலுவலகம் மூடும் நேரத்தில்தான் சொன்னார்கள். முன்பணம் வாங்கிய ஒருவர் சூளையை விட்டு ஒரு நாள் வருவது என்றால் என்ன என்பது, அந்த வராந்தாவைத் தாண்டிப் போன யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. விசாரணை நாளன்று காலை கிளம்புவதற்கு முன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பதில் சொன்னவரின் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி நடந்த விசாரணையில் கீழ்நிலை அலுவலர் ஒருவர், இருளர் என்றால் பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டுமே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருப்பார் போலும். அந்தத் திறமை ஒரு பெருமை, ஐயமில்லை. ஆனால் சாதியை மெய்ப்பிக்கத் தேர்வு வைக்கும் பொருள் அல்ல. அவள் தலைகுனியவில்லை. “எனக்குத் தெரியாது சார். எங்க தாத்தாவுக்குத் தெரியும். எங்க சாமி கன்னியம்மா. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில நாங்க எல்லாரும் கூடுவோம், கல்யாணம்கூட அங்கதான் பேசுவாங்க” என்று நிதானமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. அந்தப் பதில் முழுவதும் அறிக்கையில் ஏறியது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதன் பின்னும் கோப்பு நகரவில்லை. ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்கினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன், இந்த விண்ணப்பம் இன்றைய தேதியில் யார் மேசையில், எந்தக் காரணத்தால், எவ்வளவு நாட்களாக நிலுவையில் இருக்கிறது என்ற கேள்விகளை மட்டும் கேட்டு, மாணவியின் தந்தை பெயரிலேயே அனுப்பினோம். பதில் தர 30 நாள் கெடு உண்டு. பதில் வருவதற்கு முன்பே சான்று கைப்பேசிக்கு வந்துவிட்டது. கெஞ்சுவதைவிடத் தேதி கேட்பது வேலை செய்கிறது.

இந்த அலைச்சலில் ஒன்றை நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருக்கிறேன்: தன்னார்வலர் குடும்பத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் அமைப்பின் கடிதத்தாளுக்கு அந்த அலுவலகத்தில் எந்த மதிப்பும் இல்லை. “நீங்க யாரு, சொந்தமா?” என்று கேட்டு ஓரம் கட்டினார்கள். அது நல்லதாகவே முடிந்தது. தொடக்கத்தில் “நீங்களே பேசுங்க டீச்சர்” என்று என் பின்னால் ஒதுங்கிய அந்தத் தாய், ஆட்சியரகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்று, “சீட்டு குடுங்க சார்” என்று ஒப்புகையை வாங்கியபின்தான் வெளியே வந்தார். இப்போது குடியிருப்பில் யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை இருந்தாலும் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். எங்களோடு மாலைப் பள்ளியில் பாடம் எடுத்த இளைஞர் ஒருவர், பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர், அந்தக் கொத்தடிமை விடுவிப்புச் சான்றை முழுதும் வாசித்த நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறார். எனக்கும் வாழ்க்கை பழையபடி இல்லை. அலுவலகத்தில் விடுப்பு எடுக்கும்போது முன்பெல்லாம் பயணத்துக்காக எடுப்பேன். இப்போது வேலைநாளில் திறந்திருக்கும் அரசு அலுவலகங்களுக்காகச் சேர்த்து வைக்கிறேன். என் உறவினர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதைவிடப் பொருளுள்ள வேலை கிடைக்கவில்லை.

மாணவி மேல்நிலை முதலாண்டில் சேர்ந்துவிட்டாள். செவிலியர் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். பள்ளிப் பதிவேடும் திருத்தப்பட்டுவிட்டது. சனிக்கிழமைகளில் அவளே மற்றக் குடும்பங்களின் காகிதங்களைப் பிரித்து, பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக் குறித்து வைக்கிறாள். கூரைகளில் வேறு யாரிடம் விடுவிப்புச் சான்று இருக்கிறது என்று கேட்டுவரும் வேலையும் அவளுடையதே. அவள் தம்பி சூளையில் பிறந்தவன். பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும் என்பதால், பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி, தந்தையின் பெயரில் மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை ஒப்புகைச் சீட்டின் மூன்று நகல்களும் மனு எண்ணும் தாயிடமே இருக்கின்றன.