பெர்லினில் ஜெர்மன்-ரஷ்யன் பள்ளியில் மகளைச் சேர்த்த கதை

என் மனைவி கசக்ஸ்தானில் பிறந்தவர், தொண்ணூறுகளில் ஜெர்மனிக்கு வந்த ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம். மகளிடம் ரஷ்யனில்தான் பேசுவார், நான் தமிழில், பாலர் பள்ளியில் முழுக்க ஜெர்மன். பள்ளி வயது நெருங்கியபோது ரஷ்யன் எழுதப் படிக்கத் தெரியாமலே போய்விடுமோ என்ற பயம் மனைவிக்கு. பாட்டியோடு பேச அவளுக்கு இருக்கிற ஒரே மொழி அது.

பெர்லினில் அரசே நடத்தும் 'யூரோப்பா ஷூல' என்ற இருமொழித் திட்டம் 1992-இல் இருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை. ஜெர்மனோடு இன்னொரு மொழி, அதில் ரஷ்யனும் உண்டு. கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் லெவ் டால்ஸ்டாய் பெயரிலேயே அப்படி ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. கணக்கு ஜெர்மனில், சுற்றுப்புறப் பாடம் ரஷ்யனில்.

முந்தைய வருட இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும், அதுவும் முதலில் நம் வீட்டுப் பகுதிக்கான பள்ளியில் பெயர் கொடுத்து, அங்கேதான் இந்த விருப்பத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இது யாரும் சொல்லவில்லை, நேராக இருமொழிப் பள்ளிக்குப் போய் நின்று திரும்பி வந்தோம்.

அப்புறம்தான் பெரிய கேள்வி. பாதி இடம் ஜெர்மன் தாய்மொழிக்காரர்களுக்கு, பாதி ரஷ்யன் தாய்மொழிக்காரர்களுக்கு. இவளை எதில் போடுவது? இரண்டு வாரம் பேசி ரஷ்யன் என்று எழுதினோம். மொழித் தேர்வில் ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்களாம், தடுமாறாமல் பேசியவள் நடுவில் 'டெர்மின்' என்று சொல்லிவிட்டாள். ஜெர்மனில் அது டாக்டரிடம் வாங்கும் நேரம், ரஷ்யனில் கலைச்சொல் என்று அர்த்தம். பெர்லின் ரஷ்யர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், என் மனைவியும்தான். ஆனாலும் அன்று இரவு அவர் தூங்கவே இல்லை. தேர்வில் தேறினாலும் விண்ணப்பங்கள் அதிகமென்றால் குலுக்கல் வேறு. வசந்தத்தில் கடிதம் வந்தபோது சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ரஷ்யன் குழுவில் இருந்ததால் முதல் வகுப்பில் ரஷ்ய எழுத்துகள்தான் முதலில், லத்தீன் எழுத்து அப்புறம். டிராம் நிறுத்தப் பலகையில் இருக்கும் 'ஹா' எழுத்தை (ஆங்கிலத்தில் 'எச்', H) ரொம்ப நாள் 'என்' என்றே படித்தாள், ரஷ்யனில் அதே வடிவம் அந்த ஒலிக்குத்தான். ரஷ்யன் கூட்டெழுத்தில் 'த' லத்தீன் 'எம்' மாதிரியே இருக்கும், அதிலும் கொஞ்ச நாள் சண்டை. பயந்துவிடாதீர்கள், இரண்டாம் வகுப்பு பாதியில் எங்கள் வீட்டில் தானாகவே பிரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கலாம்: இடைவேளையில் பிள்ளைகள் ஜெர்மனில்தான் பேசிக்கொள்கிறார்கள், பள்ளியை மட்டும் நம்பினால் ரஷ்யன் மெலிந்துவிடும். அதனால் வீட்டில் மனைவி மொழியை மாற்றுவதே இல்லை, மகள் ஜெர்மனில் பதில் சொன்னாலும் சரி. போன மாதம் பாட்டியின் பிறந்தநாளுக்கு யாரும் சொல்லாமலே கூட்டெழுத்தில் நான்கு வரி எழுதி வைத்திருந்தாள். ஒரு பிழை இருந்தது, நாங்கள் திருத்தவில்லை, அப்படியே தபாலில் போட்டோம்.