நல்லார்பார் வழியே மேற்கே: கேரவன் நாட்குறிப்பு

செப்டம்பர் 6, சனி. போர்ட் அகஸ்டா

இன்று முழுவதும் எடை வேலை. ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியைக் கடக்கும் சாலை, சிடுனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். 1976-க்குப் பிறகு முழுக்கத் தார் போட்ட சாலை என்பதால் வண்டியைக் குலுக்காது. ஆனால் எடை தவறாகப் பரவியிருந்தால், அதே சீரான சாலையில்தான், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவன் வாலாட்டத் தொடங்கும்.

தண்ணீர், காஸ், துணிமணி, மளிகை எல்லாம் ஏற்றிய பிறகே எடைமேடைக்குப் போக வேண்டும். வெறும் வண்டியின் எடை எதற்கும் உதவாது. எங்கள் கேரவன் 2,480 கிலோ, அனுமதி 2,600. டோபால் எடையையும், அதாவது காரின் இணைப்புக் குமிழ்மேல் கேரவன் அழுத்தும் எடையையும், தனியே பார்த்தாக வேண்டும். கேரவனைக் கழற்றி மட்டமாக நிறுத்தி, பெரிய சக்கரங்கள் வெளியே இருக்க, முன் ஊன்று சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றினால் கிட்டத்தட்டச் சரியான எண் கிடைக்கும்: 240 கிலோ. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அது போதும். இந்த 240-ம் காரின் சுமைக் கணக்கில் சேரும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். 3,500 கிலோ இழுக்கும் என்று காரில் எழுதியிருந்தாலும், நாலு பேரும் மூட்டைகளும் ஏறிய பிறகு அந்த எண் அப்படியே கிடைக்காது.

சைக்கிள்களைக் கேரவனின் பின் பம்பரிலிருந்து இறக்கிக் காருக்குள் வைத்தோம். வால் நுனியில் தொங்கும் முப்பது கிலோ, ஆட்டத்தை ஊஞ்சல் போலப் பெருக்கும்.

தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு, தலா 80 லிட்டர். ஒன்று அச்சுக்கு முன்னால், மற்றது பின்னால். முன்தொட்டி அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, டோபால் ஐந்து மீட்டர் தள்ளி இருப்பதால், முன்தொட்டி காலியானால் டோபாலில் சுமார் 24 கிலோ குறையும். அதனால் முதலில் பின்தொட்டியைத்தான் தீர்க்க வேண்டும். முன்தொட்டிக் குழாயை மூடி, கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியாயிற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு. சிடுனா

468 கிலோமீட்டர். கிளம்பி எண்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தில் நட்டு தளர்வது இயல்பு.

மாலையில் சமையல் வேலை. மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் பழம், காய்கறி, தேன், செடி, தோலோடு உள்ள கடலை எதையும் விடமாட்டார்கள். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலைக் கொத்தும் இதில் அடக்கம். மிச்சமிருந்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சாம்பாராகவும் பொரியலாகவும் மாறி உறைபெட்டிக்குள் போயின. வெந்தது போகலாம், பச்சைதான் ஆகாது. எதிர்த்திசையில் வருவோருக்குச் சோதனை இதே சிடுனாவில்.

இரண்டு தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்ப இதுவே நல்ல இடம். நல்லார்பார் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சமவெளி. பெய்யும் மழை கல்லிடுக்கில் இறங்கிவிடும், ஆறு கிடையாது, ஆழ்கிணற்றுத் தண்ணீர் உப்பு. வழியிலுள்ள ரோட்ஹவுஸ்களில் (எரிபொருளும் தங்குமிடமும் தரும் சாலையோர நிலையங்கள்) தொட்டி நிரப்பக் கேட்பது முறையல்ல. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர், கழுவ 15. நாலு நாளுக்கு 140. அதற்கு மேல் 20 லிட்டர் கேன் ஒன்று காருக்குள் இருக்கும். தொட்டிக் குழாயில் கல் பட்டு உடைந்தாலும் குடிநீர் மிஞ்ச வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள். நல்லார்பார் ரோட்ஹவுஸ்

மேற்குக் காற்று நேரே முகத்தில். சாதாரணமாக நூறு கிலோமீட்டருக்கு 16 லிட்டர் குடிக்கும் வண்டி, இன்று 21. எண்பது லிட்டர் டாங்க் 500 கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு 380-ஆக இறங்கிவிட்டது. இந்தச் சாலையில் பெட்ரோல் பங்குகளுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி 190 கிலோமீட்டர் அளவுதான். பாதி டாங்கில் நிரப்பிவிட்டால் கூரையில் கேன் கட்ட வேண்டியதில்லை. வேகத்தை 100-லிருந்து 85-க்குக் குறைத்ததும் செலவு 18-க்கு வந்தது.

வண்டி ஓடும்போது ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில், காஸ் மூடியிருக்க வேண்டும். பங்குக்குள் நுழைகையில் சுடர் எரிந்தால் ஆபத்து. காஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் இந்த வகை ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் பத்துப் பதினைந்து ஆம்ப் இழுக்கும். விளக்குகளுக்கான மெல்லிய கம்பி வழியே கொடுத்தால் வோல்ட் இறங்கிக் குளிர் நிற்காது. அதிக மின்னோட்டம் தாங்கும் ஆண்டர்சன் பிளக்கும் தடித்த கேபிளும் தனியே வேண்டும்.

ரோட்ஹவுஸுக்குச் சற்று முன் ஹெட் ஆஃப் பைட் என்னும் கடலோரம். மே முதல் அக்டோபர் வரை தெற்கத்தி ரைட் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரையோரம் கிடக்கும். பார்வை மேடையிலிருந்து வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன, தாயின் முதுகில் குட்டி உரசுவது வரை. இதற்காக இரண்டு மணி நேரம் ஒதுக்காமல் யாரும் போகக்கூடாது.

செப்டம்பர் 9, செவ்வாய். யூக்லா

பண்டா பாறைமுகங்களைப் பார்க்கப் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடிதான் நிற்க வேண்டும். அடியில் கடல் அரித்து, விளிம்பு வெறும் கூரை போலத் தொங்குகிறது.

எல்லையில் கார், கேரவன், ஃப்ரிட்ஜ், அலமாரி எல்லாம் திறந்து பார்த்தார்கள். நேர மண்டலம் மாறுவதால் கடிகாரம் 45 நிமிடம் பின்னால். கைகூனா தாண்டினால் இன்னொரு 45.

செப்டம்பர் 10, புதன். பல்லடோனியா

கைகூனாவிலிருந்து 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவும் இல்லை. தூக்கம் வரும் இடம். ஒரு மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றி ஓட்டினோம். ஓடும் கேரவனுக்குள் யாரும் படுத்து வரக் கூடாது, சட்டப்படியும் குற்றம்.

பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரிகளான ரோடு ட்ரெயின்களுக்காக, யூஎச்எஃப் வானொலியில் 40-ஆம் சேனலைத் திறந்தே வைக்க வேண்டும். பின்னால் வருபவர் முந்தப் போகிறேன் என்றால் வேகத்தை மாற்றாமல் நேர்கோட்டில் போக வேண்டும், அவர் பக்கத்தில் வந்த பிறகே காலைத் தளர்த்தலாம். அந்தக் காற்று முதலில் கேரவனைத் தள்ளும், பிறகு உள்ளிழுக்கும். வால் ஆடத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்து, கேரவன் பிரேக்கை மட்டும் கைவிசையால் மெல்ல அழுத்தினால் நிமிர்ந்துவிடும்.

சாலையில் வெள்ளைப் பட்டைகள் வரைந்த அகலமான நீட்டங்கள் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்குமிடங்கள். அங்கே நிறுத்தாதீர்கள்.

செத்த கங்காருமேல் உட்கார்ந்திருக்கும் ஆப்புவால் கழுகு சட்டென்று எழும்பாது. தூரத்திலேயே வேகம் குறைக்க வேண்டும். இங்கே ஐந்தரைக்கே சூரியன் இறங்குவதால் நாலரைக்குள் வண்டியை நிறுத்தியாயிற்று. அந்திக்குமேல் கங்காருக்களின் நேரம்.

செப்டம்பர் 11, வியாழன். நார்ஸ்மன்

காலையில் கேரவன் டயர்களின் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ. ஒரு மணி ஓடியபின் மூன்று சக்கரங்கள் 55, இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் 61. காலைக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறுக்கு மேல் போனால், டயர் அதிகம் நசுங்கிச் சூடேறுகிறது, அல்லது அருகே ஏதோ காய்கிறது என்று பொருள். அகச்சிவப்பு வெப்பமானியால் சக்கர நடுப்பகுதியான ஹப் நான்கையும் அளந்ததில் அதே சக்கரம் மற்றவற்றைவிட 30 டிகிரி கூடுதல். ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினால் கரகரப்பு: பேரிங் தேய்ந்திருக்கிறது. மாற்று பேரிங் ஒரு ஜோடி, சீல், கிரீஸ் டப்பா மூன்றும் கையில் இருந்ததால் ஊருக்குள் போகுமுன் ஓய்விடத்திலேயே மாற்றி முடிந்தது. பழைய கிரீஸ் நீர் கலந்து பால்போல் இருந்தது. சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. நாளைக் காலை மற்ற மூன்று ஹப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

பின்தொட்டி காலி. முன்தொட்டியில் 25 லிட்டர்.