சர்வர் ரூமுக்கு எதுக்கு ஊட்டி குளிரு?

சிங்கப்பூர்ல தாய் செங் பக்கம் ஜன்னலே இல்லாம வரிசையா நிக்குமே பெரிய பெரிய கட்டடம், அதெல்லாம் என்ன ஆபீஸ்னு பல பேருக்கு தெரியாது. நிறைய டேட்டா சென்டர்தான், பேங்க், ஆப், வெப்சைட் எல்லாம் ஓடுற சர்வர் கம்ப்யூட்டர்கள அடுக்கி வச்சிருக்குற இடம். சிங்கப்பூர் முழுக்க 70க்கு மேல இருக்கு, எல்லாம் சேர்த்து 1.4 கிகாவாட்டுக்கு மேல, 2020 கணக்குப்படி நாட்டோட மொத்த கரண்ட்ல 7 சதவீதம் இதுங்களுக்கே போச்சு. நம்ம ஊர் கரண்ட் 95 சதவீதம் கிட்ட இயற்கை எரிவாயுல வர்றது, அதனால ஒவ்வொரு யூனிட்டும் கார்பன் கணக்குல ஏறும். அதான் 2019ல புதுசு கட்டவே வேணாம்னு கவர்மெண்ட் பிரேக் போட்டாங்க, 2022ல கண்டிஷனோட திறந்துவிட்டு 2023ல நாலே பார்ட்டிக்கு சேர்த்து 80 மெகாவாட் குடுத்தாங்க. (அந்த கேப்ல பக்கத்துல மலேசியா ஜோகூர்ல மளமளன்னு கட்டிட்டாங்க. நம்ம கணக்குல வரல, அவ்ளோதான், கரண்ட் என்னமோ எரியத்தான் செய்யுது.)

2024 மே மாசம் ஐஎம்டிஏ (டிஜிட்டல் துறைய பாக்குற கவர்மெண்ட் அமைப்பு) ரோட்மேப் விட்டாங்க, இன்னும் 300 மெகாவாட் தர்றோம், ஆனா 10 வருஷத்துக்குள்ள பழசு புதுசு எல்லாமே பியூஇ 1.3க்கு வரணும்னு. பியூஇன்னா ஒண்ணுமில்ல, கட்டடம் இழுக்குற மொத்த கரண்ட்ட சர்வர் மட்டும் இழுக்குற கரண்ட்டால வகுத்தா வர்ற நம்பர். 1.3ன்னா சர்வர் 1 யூனிட் தின்னா கூலிங், யூபிஎஸ் (கரண்ட் போனா தாங்குற பேட்டரி) லாஸ், லைட்டு எல்லாம் சேர்த்து 0.3க்குள்ள முடிக்கணும்.

நான் சில்லர் (கூலிங்குக்கு தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) பக்கம் வேலை பாக்குறவன், அதனால கூலிங்க பத்திதான் பேசுவேன். அதுலதான் காசே இருக்கு, டேட்டா சென்டர் கரண்ட்ல 40 சதவீதம் வரைக்கும் கூலிங்கே தின்னுடும். ஐரோப்பாக்காரன் குளிர்காலத்துல வெளிக்காத்த உள்ள விட்டு சமாளிப்பான், பின்லாந்துல கூகுள் கடல் தண்ணியவே வச்சு ஆத்துறான். நமக்கு அந்த கதையே கிடையாது, வருஷம் முழுக்க ஒரே புழுக்கம், சில்லர் ஓடிட்டே இருக்கணும். சரி அப்ப நம்ம கையில இருக்குறது என்னன்னா செட்பாயிண்ட், அதாவது சர்வர் ஹால எத்தன டிகிரில வைக்கணும்ங்கிற செட்டிங். ஆஷ்ரே (ஏசி இன்ஜினியர்களோட அமெரிக்க சங்கம்) 2008லயே சொல்லிட்டாங்க, சர்வருக்குள்ள போற காத்து 27 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு. நம்ம ஊருக்குன்னே 2023ல எஸ்எஸ் 697னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, 26க்கு மேலயே ஓட்டலாம், ஒரு டிகிரி ஏத்தினா கூலிங் கரண்ட்ல 2லிருந்து 5 சதவீதம் மிச்சம். ஆனா இன்னும் எத்தனையோ ஹாலுக்குள்ள போனா ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது.

ஏன்னு கேட்டா அங்க வேலை பாக்குற பசங்க ஒரே பதில்தான் சொல்வாங்க, "அண்ணே, எஸ்எல்ஏல (கஸ்டமரோட போட்ட சர்வீஸ் ஒப்பந்தம்) 22னு இருக்கு, நம்ம என்ன பண்றது?" அந்த 22 எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டினா பழைய காண்ட்ராக்ட்லேர்ந்து காப்பி அடிச்சது, அதுக்கு முன்னாடி இன்னொரு காண்ட்ராக்ட். கஸ்டமர் பயப்படுறதயும் ஒரேடியா தப்புன்னு சொல்லமாட்டேன். 2023 அக்டோபர்ல ஒரு டேட்டா சென்டர்ல சில்ட் வாட்டர் (குளிர்ந்த தண்ணி) சிஸ்டம அப்கிரேட் பண்றப்ப வால்வ் மூடிக்கிச்சு, ஹால் சூடாயி ரெண்டு பேங்க் படுத்துடுச்சு, 2.5 மில்லியன் டிரான்ஸாக்ஷன் போகல. 22ல இருந்தா கூலிங் போனப்புறம் கொஞ்ச நிமிஷம் கூடுதலா கிடைக்கும், 27ல அது குறையும், உண்மைதான். ஆனா அந்த கொஞ்ச நிமிஷத்துக்காக வருஷம் பூரா 24 மணி நேரமும் குளிர வச்சிட்டே இருக்கணுமா, குளிர்ந்த தண்ணிய சேத்து வைக்கிற பஃபர் டேங்க்க பெருசாக்கி பம்ப்ப யூபிஎஸ்ல போட்டா அதே நேரம் கிடைக்குமே?

அதுக்காக சும்மா செட்பாயிண்ட்ட மட்டும் ஏத்தினா அங்கங்க ஹாட் ஸ்பாட் (ரொம்ப சூடான இடம்) வந்து அலாரம் அலறும். மொதல்ல காத்து ஒழுங்கா போகணும். ராக்ல (சர்வர் அடுக்குற அலமாரி) காலி ஸ்லாட் எல்லாம் திறந்தே கெடக்கும், பின்னாடி வர்ற சூடு அது வழியா முன்னாடி வந்து திரும்ப சர்வருக்குள்ளயே போகும், பிளாங்கிங் பேனல்னு ஒரு பிளாஸ்டிக் தகடு, அத மாட்டினா போதும், அதுக்கு கூட மாசக்கணக்கா அப்ரூவல். அப்புறம் ஹாலுக்கு குளிர் காத்து தள்ளுற ஏசி யூனிட்டோட ஃபேன். ஸ்பீட 100லேர்ந்து 80க்கு இறக்கினா காத்து 20 சதவீதம்தான் குறையும், கரண்ட் பாதியா இறங்கும், அதனால ஸ்டாண்ட்பை யூனிட்ட ஆஃப் பண்ணி வைக்காம எல்லாத்தையும் மெதுவா ஓட்டுறதுதான் லாபம். இத சொன்னா நிறைய பேர் நம்பவே மாட்டாங்க, மீட்டர காட்டினாத்தான் சரிம்பாங்க.

இன்னொரு விஷயம், பியூஇ நம்பர அப்படியே நம்பிடாதீங்க. ரூம் சூடாக ஆக சர்வர் உள்ள இருக்குற குட்டி ஃபேன் வேகமா சுத்தும், அந்த கரண்ட் சர்வர் கணக்குல போயிடும், ரிப்போர்ட்ல பியூஇ இறங்கும், பில்லு ஏறினாலும் ஏறும். வேலையே இல்லாம சும்மா எரியுற சர்வரையும் பியூஇ கண்டுக்காது. மொத்த கிலோவாட்ட பாக்கணும்.

ஏஐ வந்தப்புறம் எல்லாரும் லிக்விட் கூலிங் லிக்விட் கூலிங்ங்கிறாங்க, அதாவது காத்துக்கு பதிலா தண்ணிய வச்சு ஆத்துறது. தேவைதான், முன்னாடி ஒரு ராக் 5, 10 கிலோவாட், இப்ப ஏஐக்கான என்விடியா ஜிபி200 சிப்பு ராக் ஒண்ணே 120 கிலோவாட் கிட்ட, காத்தால எல்லாம் ஆத்த முடியாது. நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு, சிப்பு மேலயே ஓடுற தண்ணி 35 டிகிரி இருந்தா கூட போதும், நம்ம புழுக்கத்துலயும் கூலிங் டவர் (தண்ணிய கொஞ்சம் ஆவியாக்கி மீதிய ஆத்துறது) மட்டுமே அத குடுத்துடும், அந்த லூப்புக்கு சில்லரே வேணாம். டவர்ல தண்ணி ஆவியா போறது தனி செலவு, அதுக்குத்தான் நியூவாட்டர், சுத்திகரிச்ச கழிவுத்தண்ணி.

ஆனா அதெல்லாம் புது கட்டடத்துக்கு. பழைய ஹால் எல்லாம் இன்னும் பல வருஷம் காத்துலதான் ஓடும், அதனால காண்ட்ராக்ட் ரினியூ பண்ணப்போற ஐடி மேனேஜர் யாராவது இத படிச்சா அந்த 22அ அடிச்சிட்டு 26னு போடுங்க, எங்க அளக்கணும்னும் சேர்த்து எழுதிடுங்க. ரூம் நடுவுல இல்ல, ராக் முன்பக்கம், காத்து உள்ள போற இடத்துல.