விடுப்பு அட்டையில் இருந்த 9 நாள்

“அண்ணாச்சி, பேறுகாலத்துக்கு ஆம்பளைக்கு லீவு உண்டா?” என்றுதான் அவன் கேட்டான். “அதெல்லாம் பொம்பளையளுக்குத்தான்டே, நமக்குச் சட்டத்துல இல்ல” என்றேன். சொன்னதில் பொய் கிடையாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை காலம் தள்ளுகிறேன்.

அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கானது. 2017 திருத்தம் அவளுடைய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோதும் தகப்பனுக்கென்று ஒரு நாளும் சேர்க்கவில்லை. மத்திய அரசு ஊழியருக்கோ, இரண்டு பிள்ளைகளுக்குள் என்றால், 15 நாள் உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள்கூட எடுத்துக்கொள்ளலாம். அஞ்சல் துறையிலிருக்கும் என் மைத்துனர் அப்படி எடுத்தவர்தான். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தனியார் ஆலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

ஆனால் அவன் அத்தோடு போய்விடவில்லை. “மூத்தவளுக்கு மூணு வயசுதான். எனக்கும் அம்மா இல்ல, எம்பொண்டாட்டிக்கும் அம்மா கிடையாது” என்றான். அப்போது அவனுடைய விடுப்பு அட்டை என் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. ஈட்டிய விடுப்பு இருப்பு 9 நாள் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அப்போது எங்களுக்குப் பொருந்திய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று அவன் உழைத்துச் சேர்த்த சம்பள விடுப்பு அது. 15 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் குறுக்கே நிற்கவில்லை, ஏனெனில் டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் அதைக் கேட்கவில்லையே என்பது ஒரு காரணம். மாதக் கடைசியில் யாரையும் விடக் கூடாது என்று சூப்பர்வைசர் காலையில்தான் சொல்லிப் போயிருந்தார் என்பது இன்னொன்று. என் மகள் பிறந்த அன்று ஷிப்ட் முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஜங்ஷன் பஸ் ஏறினேன் என்று பல வருடம் பெருமை பேசியவன் நான்; அந்தப் பெருமைதான் அன்று வாயை அடைத்ததோ என்று சில இரவுகளில் தோன்றும், விடிந்தால் சூப்பர்வைசர் மேலேயே பழி போய்விடும்.

வெற்றுப் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். மேசைக் கண்ணாடியில் அவன் கட்டைவிரலின் கிரீஸ் தடம் இருந்தது. பேறுகாலத்தில் நான்கு நாள் சொல்லாமல் நின்றான். நான்கு கட்டத்திலும் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன். அந்த மாத ஊக்கத்தொகையும் போயிற்று. திரும்பி வந்தவன், “பையன், அண்ணாச்சி” என்று இரண்டு சாக்லேட் கொடுத்தான், ஒன்று மதினிக்காம். அந்த 9 நாள் மறு வருடக் கணக்கில் சேர்ந்தது. 30 நாள் வரை சேர்த்துவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதே என்று அதையும் ஓர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் வேறொரு பையன் பெண்டாட்டியின் ஸ்கேன் காகிதத்தோடு வந்து நின்றபோது, அவன் கேட்கும் முன்பே அட்டையை எடுத்துக் காட்டிவிட்டேன். “நீரேதான் சொல்லிக் கொடுக்கீராவே?” என்று மேனேஜர் கேட்டார். “இல்ல சார், அவனாத்தான் கேட்டான்” என்றேன்.