மாடியில் சோலார்: வீட்டு நாட்குறிப்பு

மார்ச் 6

மாடியில் 3 கிலோவாட் பேனல் ஏறியதிலிருந்து வீட்டு வேலைகளின் நேரமே மாறிவிட்டது. முன்பு விடியுமுன் மோட்டார், ராத்திரி வாஷிங் மெஷின். இப்போது எல்லாம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். அதிலும் வரிசை உண்டு: மோட்டார் நின்றபின் மெஷின், அது முடிந்தபின் அயர்ன் பாக்ஸ். மூன்றும் சேர்ந்து ஓடினால் பேனல் தருவது போதாமல் மீதிக்கு வெளி கரண்டை இழுக்கிறது.

மார்ச் 19

கொளுத்துகிற வெயில். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் 2,200 வாட்டைத் தாண்டவில்லை. மழை விட்டுக் குளிர்ந்திருந்த ஒரு நாளில் இதைவிட அதிகம் காட்டியது. பேனலின் திறனை 25 டிகிரி சூட்டில் அளந்து எழுதுகிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். தளத்தோடு ஒட்டாமல் காற்றோட இடைவெளி விட்டுப் பொருத்தியது நல்லதாயிற்று.

ஏப்ரல் 2

மூன்றரை மணிக்கு மேல் தண்ணீர் டேங்கின் நிழல் ஓரத்துப் பேனலில் விழுகிறது. ஒரு முழம்கூட இராது, ஆனால் இழப்பு அந்த அளவோடு நிற்பதில்லை. பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று மங்கினால் கூட இருப்பவையும் தடைபடும்.

ஏப்ரல் 11

பட்டப்பகலில் கரண்ட் போனது. "இவ்வளவு வெயில் அடிக்குது, நம்ம கரண்ட் எங்கடா போச்சு?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. கம்பியில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளி சப்ளை போனால் பேட்டரி இல்லாத இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இதை வாங்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 20

பேட்டரி வைக்கலாமா என்று யோசனை. அதற்குமுன் ராத்திரிக்கு எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டுமே. படுக்கும்முன் ஒரு ரீடிங், எழுந்ததும் ஒரு ரீடிங். நினைத்ததைவிட நிறையவே ஓடியிருந்தது. டிவியை அணைத்தபிறகும் செட்டாப் பாக்ஸைத் தொட்டால் வெதுவெதுப்பு: யாரும் பார்க்காத பெட்டிக்கு விடியவிடிய கரண்ட். அதை இப்போது சுவிட்சிலேயே அணைத்துவிடுகிறோம்.

பெரிய பங்கு ஃபேன்களுக்கு. 75 வாட் ஃபேன் மூன்று எட்டு மணி நேரம் சுற்றினால் 1.8 யூனிட். பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) என்றால் 30 வாட் அளவில் அதே காற்று, மொத்தம் 0.7 யூனிட். ஓர் இரவில் ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சம்! பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் வீணாகும் என்பதால், ராத்திரி மிச்சமாகும் ஒரு யூனிட் பகலில் விளையும் ஒரு யூனிட்டைவிட மதிப்புள்ளது. பேனல் கூட்டுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் ஃபேன் மாற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மே 3

ஃபேன் மூன்றையும் மாற்றியாயிற்று. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறது. நடுவில் வைத்துச் சாத்திய காகிதம் இழுத்தால் தாராளமாக வருகிறது. அதை மாற்றி, இன்னொரு முறை ராத்திரி ரீடிங் எடுத்தபிறகுதான் பேட்டரி அளவைப் பற்றிய பேச்சு.